சரவுண்ட் ஸ்பீக்கரையும் சீலிங்கில் பதிக்க வேண்டாம்
வேளச்சேரி ஃபிளாட்டில் 12க்கு 11 அடி அறை, சோபா பின்சுவரை ஒட்டி, ஃபால்ஸ் சீலிங் 9 அடி உயரம். 5.1.2 ஹோம் தியேட்டருக்கு (சுற்றி ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், சீலிங்கில் இரண்டு) பக்கவாட்டு ஒலி தரும் சரவுண்ட் ஜோடியையும் சீலிங்கிலேயே பதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எல்லாமே மேலே போனால், தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸில் ஹெலிகாப்டருக்கும் பக்கத்தில் போகும் ஆட்டோவுக்கும் வித்தியாசமே தெரியாது.

சரவுண்டைப் பக்கச் சுவர்களில், காதுக்கு ஓரடி மேலே மாட்டுங்கள். சோபாவை இரண்டடி முன்னே இழுத்தால் அவற்றைக் காதுக்குச் சற்றுப் பின்னால், நேர் முன்னாலிருந்து கணக்கிட்டால் 110 டிகிரியில் வைக்கலாம். சுவரோரம் வீங்கும் பேஸ் ஒலியும் கொஞ்சம் அடங்கும். வீட்டில் முணுமுணுப்பார்கள், சமாளியுங்கள். சீலிங் ஜோடி தலைக்கு ஓரடி, ஒன்றரை அடி முன்னால் வரட்டும்.

அப்புறம், ஜிப்சம் போர்டு மூடுவதற்கு முன்பே பைப்பில் ஒயரை இழுத்துவிடுங்கள். நான் அதை மறந்து, புதுச் சீலிங்கையே அறுக்க வேண்டியதாயிற்று.