மலை மாதிரி ஓடியவர்

கே: செல்போனில் ஒரு பழைய ரக்பி வீடியோ வந்தது. மலை மாதிரி ஓர் ஆள், குறுக்கே நின்றவரை மிதித்துக்கொண்டே ஓடுகிறார். யார் சார் அவர்? (திண்டுக்கல் வாசகர்)

ப: நியூசிலாந்தின் ஜோனா லோமு. மிதி வாங்கியவர் இங்கிலாந்தின் மைக் காட். 1995 உலகக் கோப்பை அரையிறுதி, கேப் டவுன். ஆறடி ஐந்தங்குல உயரம், 115 கிலோவுக்கு மேல் எடை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு 100 மீட்டரை 11 விநாடிக்குள் ஓடுவார். தடுக்கப் போகிறவன் என்ன செய்வான், பாவம்! பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தினால் 'ட்ரை', 5 புள்ளி. அன்று லோமு மட்டும் நான்கு ட்ரை. நியூசிலாந்து 45, இங்கிலாந்து 29. அப்போது அவருக்கு வயது 20தான். பெற்றோர் டோங்கா தீவுக்காரர்கள். வளர்ந்தது ஆக்லாந்தின் தெற்குப் பகுதியில்.

கே: அப்படியானால் கோப்பை நியூசிலாந்துக்குத்தானே?

ப: இல்லையே. இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்கா 15-12 என்று ஜெயித்தது. லோமுவைக் கோட்டுப் பக்கமே விடவில்லை. அவர் மொத்தம் 63 டெஸ்ட் (ரக்பியில் நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்) ஆடி 37 ட்ரை அடித்தார். அதில் ஒன்றுகூடத் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இல்லை!

கே: அவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்கிறார்களே, எப்போது வந்தது?

ப: அந்த நான்கு ட்ரை அடித்த வருடக் கடைசியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நெஃப்ராடிக் சின்ட்ரோம். உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகும். கால், முகமெல்லாம் வீங்கும். என் அத்தை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போனவர். வீடு திரும்பினால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது, திண்ணையிலேயே சாய்ந்துவிடுவார். அதைப் பார்த்தவன் என்பதால், லோமுவின் ட்ரைகளைவிட இந்தக் கணக்குதான் எனக்கு மலைப்பு: நோய் தெரிந்த பிறகு, 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் எழுவர் ரக்பியில் தங்கம். 1999 உலகக் கோப்பையில் எட்டு ட்ரை.

2003இல் டயாலிசிஸ். நரம்புகள் கெட்டு, நடக்கவே தடுமாறினார். 2004இல் வெலிங்டன் ரேடியோ அறிவிப்பாளர் கிராண்ட் கெரேமா தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தார். அப்புறம் பேசாமல் வீட்டில் உட்கார்ந்தாரா லோமு? அடுத்த வருடமே வேல்ஸுக்குப் போய் கார்டிஃப் அணிக்கு ஆடினார். பழைய வேகம் இல்லை, உண்மைதான். மாற்றுச் சிறுநீரகத்தோடு ரக்பி ஆடலாமா என்று என் அத்தையிடம் கேட்டிருந்தால் செருப்பைத் தூக்கியிருப்பார்.

கெரேமா கொடுத்தது 2011 வரை உழைத்தது. மறுபடி டயாலிசிஸ். 2015 நவம்பர் 18, லோமு ஆக்லாந்தில் காலமானார். வயது 40. சிறுவர்களாக இரண்டு மகன்கள் இருந்தார்கள்.