கொழும்பில் காசில்லாமல் சட்ட ஆலோசனை எங்கே கேட்கலாம்? சிங்களம் தெரியாவிட்டால் என்ன செய்வது?

முதலில் புதுக்கடைக்குப் போங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் அங்கே நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி அரசாங்கம் அமைத்த ஆணைக்குழு அது. ஆலோசனைக்குக் காசு வாங்கமாட்டார்கள். உங்களுக்காக வழக்குப் பேச வேண்டுமென்றால் மட்டும் வருமானத்தை விசாரிப்பார்கள். வாசலில் "நான் முடிச்சுத் தாறன்" என்று வருபவர்களிடம் ஒரு காகிதத்தையும் கொடுக்காதீர்கள்.

என் அக்காவின் கதையைச் சொல்கிறேன். அத்தான் வீட்டை விட்டுப் போய், இரண்டு பிள்ளைகளுக்கும் செலவு கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஒரு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்தோம். சிங்களத்தில் எழுதினார்கள், அக்கா கையெழுத்துப் போட்டாள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண் வாசித்துக் காட்டியபோதுதான், "சமாதானமாகப் போகிறோம்" என்று அதில் இருந்தது தெரிந்தது. அன்று இரவு முழுக்க அக்கா அழுதாள். வாசித்து விளங்காத எதிலும் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீதிமன்றத்திலும் அப்படித்தான். வழக்கு சிங்களத்தில் நடந்தாலும் மொழிபெயர்த்துச் சொல்ல ஏற்பாடு செய்வது அரசின் பொறுப்பு என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது.

புதுக்கடைக்கு அக்கா எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பேக்கில் அள்ளிக்கொண்டு வந்தாள். அங்கிருந்த சட்டத்தரணி அம்மா அதை மேசையில் கொட்டி, திகதி வாரியாக ஒவ்வொன்றாக அடுக்கினார். விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு பக்கம். அவர் விரலை வைத்து நிறுத்தியது வங்கிப் புத்தகத்தில், கடைசியாகப் பணம் விழுந்த வரியில். "இதுதான் வேணும்" என்றார். நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு வழக்கு, அதாவது செலவுப் பணம் கேட்கும் வழக்குப் போட்டு, மாதாந்தம் இவ்வளவு என்று கட்டளை கிடைத்தது. அத்தான் அதையும் கட்டாமல் இழுத்தடித்தபோது சம்பளத்திலிருந்தே கழிக்க வைத்தார்கள். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. திருமணம் பதியவில்லை என்றாலும் பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்கலாம். இது தெரியாமல் எத்தனையோ பேர் வாய் திறக்காமல் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் சட்டத்தரணி தேவையில்லை. முதலாளி சேமலாப நிதி கட்டவில்லை, 5 வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தும் பணிக்கொடை தரவில்லை என்றால் தொழில் திணைக்களத்தில் நீங்களே முறைப்பாடு கொடுக்கலாம். வேலையை விட்டு நீக்கியிருந்தால் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

காலக்கெடு விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். அரச அதிகாரி உங்கள் அடிப்படை உரிமையை மீறியிருந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் இருக்கிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள். அவர்களின் தொலைபேசி 1996.

வீட்டில் அடி உதை என்றால் அடையாள அட்டை, காகிதம் எல்லாம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இன்றைக்கே 1938க்கு அழையுங்கள், அது பெண்களுக்கான உதவி இலக்கம். அடித்தவர் கிட்டே வராதபடி நீதவான் 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம்.