தோன்றி மறையும் அறிவிப்பில் என்ன எழுதலாம்?

கேள்வி: சிறு தேயிலை விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடையைப் பதிவு செய்யும் செயலி ஒன்றை உருவாக்கி வருகிறோம். திரையின் அடியில் தோன்றும் அறிவிப்பு, பலர் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. நேரத்தைக் கூட்டினால் போதுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: நேரத்தைக் கூட்ட அதிக வழியில்லை. நீங்கள் சொல்லும், தானாகத் தோன்றி மறையும் அறிவிப்பான ஆண்ட்ராய்டின் ‘டோஸ்ட்’ குறுகிய அளவில் சுமார் 2 வினாடியும், நீண்ட அளவில் சுமார் 3.5 வினாடியும் மட்டுமே நிற்கும். ஆகவே வாசகத்தைத்தான் செதுக்க வேண்டும். ‘தங்களது தரவு வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது’ என்பதில் விவசாயிக்கு வேண்டிய செய்தி எதுவும் இல்லை. ‘18 கிலோ பதிவானது’ என்று எழுதினால், தராசில் பார்த்த எடையும் திரையில் ஏறிய எடையும் ஒன்றுதானா என்பதை அவர் அங்கேயே சரிபார்த்துக்கொள்வார். தவறான எண்ணை உடனே மாற்ற வேண்டுமென்றால், ‘திருத்து’ பொத்தானுக்கு இடம் தரும் ‘ஸ்நாக்பார்’ என்ற அறிவிப்பு வகை பொருத்தமானது. ஆனால், பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காமல் பதிவு சர்வரைச் சென்றடையாத நிலையை மறைந்துபோகும் அறிவிப்பில் ஒருபோதும் சொல்லாதீர்கள். விவசாயிக்குக் கிடைக்கும் பணம் அந்த எடையைப் பொறுத்தது என்பதால், ‘இன்னும் அனுப்பப்படவில்லை, போனில் பத்திரமாக உள்ளது’ என்ற வரி, அனுப்பி முடியும்வரை அந்தப் பதிவின் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.