பூனையின் உறவுமுறை – கடிதம்

வணக்கம்.

எங்கள் வீட்டில் நான்கு பூனைகள் இருக்கின்றன. தாய் வெள்ளச்சி, அவள் ஒரே ஈற்றில் ஈன்ற செம்பி, புள்ளி, கரியன். குட்டிகளுக்கு எட்டு மாதமாகிறது. வெள்ளச்சியும் செம்பியும் ஒருவர்மேல் ஒருவர் தலைவைத்தே உறங்குவார்கள். சென்ற வாரம் செம்பிக்குக் கருத்தடை அறுவை செய்து, இரண்டு நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூண்டைத் திறந்ததுமே வெள்ளச்சி சீறி, மகளின் முகத்தில் அறைந்தாள். ஆத்திரத்தில் நான் வெள்ளச்சியை அடித்துவிட்டேன். தொற்று வரக் கூடாதென்று அன்றே எல்லா விரிப்புகளையும் துவைத்து, வீடு முழுவதையும் மருந்து ஊற்றித் துடைத்தேன். இன்றுவரை தாய் மகளை அண்டவிடவில்லை. பெற்றவளுக்கே மகளைத் தெரியவில்லையென்றால், இத்தனை நாள் நான் கண்டது பாசமா, வெறும் பழக்கமா? செம்பியை நண்பர் ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாமா? மணல் தட்டு எத்தனை வைக்க வேண்டும், கரியனுக்கும் அறுவை தேவையா என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது எங்கள் வீட்டின் மூத்த பூனை, தனக்கு எவ்வகையிலும் இரத்த உறவில்லாத ஒரு குட்டியின் காதுகளை நெடுநேரமாக நக்கிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு வாரம் அக்குட்டியைப் பார்த்தாலே உறுமியவள் அவள். எந்த நாளில் அந்த உறுமல் நக்கிக்கொடுப்பதாக மாறியது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்நேரத்தில்தான் ‘வெறும் பழக்கமா’ என்ற உங்கள் சொல்லைப் படித்தேன். அந்தச் சொல்லுக்காகவே இந்தப் பதில்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மணல் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். கரியனுக்கு அறுவை இந்த வாரமே செய்யுங்கள். பெட்டைக்குட்டி நான்காம் மாதத்திலேயே சினையாகக்கூடும், தாய், தங்கை என்ற விலக்கு கடுவனுக்குக் கிடையாது. எட்டு மாதம் இதைத் தள்ளிப்போட்டது தவறு.

வெள்ளச்சியை நீங்கள் அடித்தது அதைவிடப் பெரிய தவறு. அவள் மிரண்டுபோயிருந்தாள். தன் இடத்துக்குள் அறியாத ஏதோ ஒன்று நுழைந்துவிட்டது என்று அஞ்சி நின்றவளை, அவள் நம்பியிருந்த ஒரே மனிதக் கையும் அடித்தது. செம்பி வந்த நொடியையும் அந்த வலியையும் அவள் சேர்த்தே நினைவில் வைத்திருப்பாள். நீங்கள் இப்போது அவிழ்க்க வேண்டிய முடிச்சுகளில் ஒன்று நீங்களே போட்டது.

பூனைக்குட்டி கண்ணும் காதும் மூடியே பிறக்கிறது. கண் திறக்க ஏழிலிருந்து பதினான்கு நாட்கள் ஆகும். அதுவரை அதற்கு உலகம் என்பது சூடும் வாசமும்தான். அந்த இருளிலும், பிறந்த சில நாட்களுக்குள்ளேயே பல குட்டிகள் தாயின் மடியில் தமக்கென்று ஒரு காம்பை மோந்து கண்டுபிடித்து, திரும்பத் திரும்ப அதையே நாடிச் செல்கின்றன. தாயோ நாளெல்லாம் நக்குகிறாள். அவள் நக்கிவிடாமல் அந்த வயதுக் குட்டியால் சிறுநீர்கூடக் கழிக்க இயலாது. செம்பியை ஈன்றதோடு வெள்ளச்சி அவளுக்குத் தாயாகிவிடவில்லை. நக்கி நக்கித்தான் தாயானாள்.

எட்டு வாரத்தில் பால் நிற்கிறது. அதன்பிறகு பெற்றவள் என்ற பிடி தளர்ந்துவிடுகிறது. நீங்கள் ‘தாய்’, ‘மகள்’ என்று அழைப்பதால் அது நீடிப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது. அதற்குமேலும் அவர்கள் ஒன்றாக உறங்கினால், நாள்தோறும் அந்த உறவைப் புதிதாகச் செய்துகொள்கிறார்கள் என்று பொருள். பூனையின் கன்னத்திலும் மோவாயிலும் நெற்றியிலும் வாலின் அடியிலும் வாசம் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. ஒன்றையொன்று உரசி, நக்கி, மேலே படுத்து, இணங்கி வாழும் பூனைகள் தங்கள் வாசங்களைக் கலந்து பொதுவான ஒரு வாசத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. யாரிடம் அந்த வாசம் இருக்கிறதோ அவர் குடும்பம். ஆகவேதான், தன்போக்கில் வாழும் பூனைக்கூட்டங்களில் அக்காவும் தங்கையும் தாயும் ஒரே இடத்தில் ஈன்று, எவள் குட்டி என்று பாராமல் எல்லாக் குட்டிக்கும் மடி கொடுக்கிறார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குத் தந்தையர் இருவர் இருப்பதும் உண்டு; அதைக் குட்டிகளும் அறியா, கடுவனும் அறியான். இரத்தத்தை எண்ணிப் பார்ப்பது நம் வழக்கம்.

இப்போது செம்பி எப்படித் திரும்பி வந்தாள் என்று பாருங்கள். மயக்கமருந்து, கிருமிநாசினியில் நனைத்த பஞ்சு, வேறு நாய் பூனைகளின் அச்சம் என அத்தனையின் வாசமும் அவள்மேல் இருந்தது. வலியால் நடையும் மாறியிருக்கும். உருவத்தில் செம்பி, வாசத்தில் அந்நியை. மனிதர்களுக்கு முகம்போலப் பூனைக்கு வாசம். மகளின் உடம்பில் வேறொருவரின் முகத்தோடு வந்த ஒன்றைப் பார்த்துத்தான் வெள்ளச்சி சீறினாள். அந்த அந்நிய வாசம் தானாகவே மங்கியிருக்கக்கூடும், வீட்டில் பழைய வாசம் மிச்சமிருந்திருந்தால். நீங்களோ அன்றே விரிப்புகளைத் துவைத்து, தரையைக் கழுவி, எட்டு மாதமாக அவர்கள் சேர்த்துவைத்த குடும்பத்தை ஒரே பகலில் சாக்கடையில் ஊற்றிவிட்டீர்கள்.

இவ்வளவு கடுமையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்களிடம் ஒரே ஈற்றில் பிறந்த இரு சகோதரிகள் இருந்தார்கள். இளையவள் காய்ச்சலால் மூன்று இரவு மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தாள். மூத்தவள் பாய்ந்தாள். உடன்பிறந்தவர்கள்தானே, தாமே சமாதானமாவார்கள் என்று நான் இருவரையும் ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். திறந்தபோது தரையெங்கும் முடி. இளையவள் அலமாரிக்கு அடியில் அச்சத்தில் சிறுநீர் கழித்து ஒடுங்கிக் கிடந்தாள், காதில் இரத்தம். ஐந்தாம் நாள், நல்லவர்கள் என்று நான் நம்பிய ஒரு வீட்டுக்கு அவளைக் கொடுத்துவிட்டேன்.

அன்றிரவு மூத்தவள் அறை அறையாக நடந்தாள். வளர்ந்த பூனைகள் தமக்குள் மியாவ் என்று கத்துவது அரிது. குட்டிகளை அழைக்கத் தாய்ப்பூனை தொண்டைக்குள் உருட்டும் சிறுகுரல் ஒன்று உண்டு. குட்டியே ஈனாத அவள் அந்தக் குரலில் அழைத்துக்கொண்டே நடந்தாள். பிறகு இளையவள் உறங்கிய கூடைக்குள் போய்ச் சுருண்டுகொண்டாள். முப்பது நாளுக்குமேல் அந்தக் கூடையை விட்டு அவள் வேறெங்கும் உறங்கவில்லை. தங்கையை அவள் வெறுக்கவேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தங்கை எதிரிலேயே நின்றிருந்த அந்த ஐந்து நாட்களும், மூத்தவள் தங்கையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். இளையவளைத் திருப்பிக் கேட்கப் போனேன். அதற்குள் அவள் அந்த வீட்டிலிருந்து வெளியேறிக் காணாமல் போயிருந்தாள்.

ஆகவே செம்பியைக் கொடுக்காதீர்கள். அவளைத் தனியறையில் வையுங்கள். மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் இருவருக்கும் உணவு வையுங்கள். இவள் விரிப்பை அவளுக்கும் அவள் விரிப்பை இவளுக்கும் மாற்றிப் போடுங்கள். சீறல் நின்றபின் கதவை ஒரு விரற்கடை திறங்கள், அதற்கு வாரங்கள் ஆனாலும் ஆகட்டும்.

இன்னொன்று. கதவு நிலைகளின் கீழ்ப்பகுதியில், சுவர் மூலைகளில், பூனையின் கன்னம் எட்டும் உயரத்தில் கறுத்த பிசுக்கு ஒன்று படிந்திருக்கும். நால்வரும் உரசி உரசிப் படியவைத்தது அது. தரையைத் துடைத்த நீங்கள் அதைத் துடைக்காமல் விட்டிருக்கலாம். இன்றே குனிந்து பாருங்கள். இருந்தால், உலர்ந்த மெல்லிய துணியை அதன்மேல் அழுத்தித் தேய்த்து, அந்தத் துணியால் செம்பியின் கன்னங்களை மெதுவாகத் தடவிவிடுங்கள்.