கேள்வி – பதில்: தேசியக் காவல் படை யாருக்குக் கட்டுப்பட்டது?

கேள்வி: அமெரிக்காவின் தேசியக் காவல் படை நம் ஊர்க்காவல் படையைப் போன்றதா? அது மாநிலத்துக்குக் கட்டுப்பட்டதா, அதிபருக்கா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒற்றுமை குறைவு. நம் ஊர்க்காவல் படையினர் போக்குவரத்திலும் திருவிழாக் கூட்டத்திலும் காவல்துறைக்குத் துணைநிற்கும் தன்னார்வலர்கள். அமெரிக்கத் தேசியக் காவல் படையோ பீரங்கிகளும் போர் விமானங்களும் உடையது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டது. மாநிலங்களின் பழைய குடிப்படைகளை 1903ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குக்குக் கொண்டுவந்ததால் உருப்பெற்ற இப்படையில் பெரும்பாலோர் வேறு தொழில் செய்துகொண்டே பயிற்சி பெறுகிறார்கள். வழக்கமாக ஆணையிடுபவர் மாநில ஆளுநர். அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதலமைச்சருக்கு நிகரானவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆனால், சட்டம் அனுமதிக்கும் சூழல்களில் அதிபர் அப்படையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த அதிகாரத்தின் வலிமை 1957இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் வெளிப்பட்டது. வெள்ளையர் மட்டுமே படித்துவந்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாதபடி ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் தேசியக் காவல் படையை நிறுத்தினார். செப்டம்பர் 4 அன்று தனியாக வந்த 15 வயது எலிசபெத் எக்ஃபோர்டை, வெள்ளை மாணவர்களுக்கு வழிவிட்ட அதே வீரர்கள் துப்பாக்கியை உயர்த்தி மறித்தார்கள். வெறிக்கூச்சலிட்டுப் பின்தொடர்ந்த கூட்டத்தின் நடுவே அச்சிறுமி பேருந்து நிறுத்தம்வரை நடந்து திரும்பினாள். செப்டம்பர் 24 அன்று அதிபர் ஐசனோவர் அப்படையைக் கூட்டாட்சி அரசின் கீழ்க் கொண்டுவந்ததோடு 101ஆவது வான்வழிப் படைப்பிரிவையும் அனுப்பினார். அப்பிரிவு திரும்பிய பிறகு, அந்தக் கல்வியாண்டு முடியும்வரை ஒன்பது பேருக்கும் பாதுகாப்பாக நின்றது, முன்பு வழிமறித்த அதே ஆர்கன்சா படைதான். ஒரு காவல் படையை அளக்க அதன் ஆயுதங்களைவிட, அதற்கு ஆணையிடுபவர் யார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று நான் கருதுவதற்கு இந்நிகழ்வே காரணம்.

கேள்வி: மற்ற நாடுகளிலும் இதே நிலைதானா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லை. சவுதி அரேபியாவில் தேசியக் காவல் படை பாதுகாப்பு அமைச்சகத்துக்கு வெளியே தனியாக இயங்குகிறது. அரச குடும்பத்துக்கு விசுவாசமான பழங்குடிகளிலிருந்து ஆள்சேர்த்து, ராணுவம் கவிழ்ப்பில் இறங்காதபடி எதிர்விசையாகவே அது வளர்க்கப்பட்டது. ரஷ்யாவில் 2016இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் படையும் நேரடியாக அதிபருக்கே கட்டுப்பட்டது. சுவிட்சர்லாந்து முற்றிலும் வேறு: அங்கே ராணுவமே பெரும்பாலும் குடிப்படைதான். இளைஞர்கள் அடிப்படைப் பயிற்சி முடித்து வேலைக்குத் திரும்பினாலும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மறுபயிற்சிக்கு வருகிறார்கள். பலர் ராணுவத் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். கட்டாயச் சேவையை ஒழிக்கலாமா என்று 2013இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியபோது, 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள்.