வாடகை வண்டியிலிருந்து சொந்த வண்டிக்கு: சைக்கிள் ரிக்ஷா தொழில் பற்றிக் கேள்வி பதில்

சைக்கிள் ரிக்ஷா மிதிப்பவர்களுக்குத் தவணையில் வண்டியைச் சொந்தமாக்கித் தரும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். இதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், நாள் முழுக்க மிதிக்கிறார்கள், தினமும் கையில் காசு வருகிறது. அப்புறம் ஏன் பல வருடம் ஓட்டியும் சொந்தமாக ஒரு வண்டி வாங்க முடிவதில்லை?

பதில்: எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஒரு பேச்சுக்கு வண்டியின் விலை 15,000 ரூபாய், நாள் வாடகை 50 ரூபாய் என்று வையுங்கள். 300 நாளில் வண்டியின் முழு விலையும் வாடகையாகவே போய்விடும். அதற்குப் பிறகும் வாடகை நிற்காது. பத்து வருடம் ஓட்டினால் பத்து வண்டிக்கான பணத்தைக் கொடுத்திருப்பார், ஒன்றுகூட அவர் பெயரில் இருக்காது.

சேர்த்து வைக்கலாமே என்பீர்கள். எங்கே வைப்பது? ஊர் விட்டு ஊர் வந்து, நடைபாதையிலோ வண்டி நிறுத்தும் கொட்டகையிலோ படுப்பவர்கள்தான் இதில் அதிகம். கையில் மிஞ்சுவது ஊருக்குப் போய்விடும். வங்கிக்குப் போனால் முகவரிச் சான்று வேண்டும், ஜாமீன் வேண்டும். கடைசியில் கிடைப்பது தண்டல் கடன்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாடகைக்கு விடும் வண்டி முதலாளியை வெறும் சுரண்டல்காரர் என்று மட்டும் பார்த்தால் விஷயம் புரியாது. படுக்க இடம் தருவது அவர், வண்டியை நகராட்சியோ போலீஸோ பிடித்துக்கொண்டு போனால் மீட்டு வருவது அவர், காய்ச்சலில் கிடந்தால் கைமாற்று கொடுப்பதும் அவர். அவருடைய இடத்துக்கு வர நினைக்கிற எந்த அமைப்பும் இத்தனையையும் செய்ய வேண்டும். வண்டியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கினால், அந்த மனிதர் ஒரே மாதத்தில் பழைய முதலாளியிடமே திரும்பிப் போவார்.

கேள்வி: தானமாக வண்டி வாங்கிக் கொடுப்பதற்கும் சமூகத் தொழில்முனைவுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: தானத்தில் நூறு வண்டிக்குப் பணம் வந்தால் நூறு வண்டியோடு முடிந்தது. தவணையில் கொடுத்தால், திரும்பி வரும் பணத்தில் அடுத்தவருக்கு வண்டி வாங்கலாம். 2004-இல் குவாஹாட்டியில் தொடங்கிய ரிக்ஷா வங்கி இப்படித்தான் வேலை செய்தது. அதைத் தொடங்கிய பிரதீப் குமார் சர்மா கால்நடை மருத்துவர். குவாஹாட்டி ஐஐடியில் எடை குறைந்த, பயணிக்கும் ஓட்டுபவருக்கும் வசதியான வண்டியை வடிவமைத்தார்கள். வாடகை கட்டிய அதே பழக்கத்தில் தினமும் தவணை கட்டினால், ஒன்றரை வருடத்துக்குள் வண்டி ஓட்டுபவருக்கே சொந்தம். கூடவே உரிமம், அடையாள அட்டை, காப்பீடு.

தினத்தவணை என்பதுதான் இதில் உயிர்நாடி என்று நினைக்கிறேன். அன்றன்றைக்குச் சம்பாதிப்பவரிடம் மாதக் கடைசியில் மொத்தமாகக் கேட்டால் அவரிடம் இருக்காது.

கேள்வி: அண்ணா, வண்டியின் பின்பக்கம் விளம்பரம் ஒட்டினால் தவணையே வேண்டாமே?

பதில்: யோசனை புதியதல்ல தம்பி. ரிக்ஷா வங்கியும் விளம்பரத்துக்கு இடம் ஒதுக்கியது. பாட்னாவில் இர்ஃபான் ஆலம் தொடங்கிய சம்மான் அமைப்பு விளம்பரத்தோடு, ஓடும் வண்டியிலேயே தண்ணீர் பாட்டில், செய்தித்தாள் விற்பதையும் சேர்த்தது. வந்தால் நல்லதுதான். ஆனால் விளம்பரதாரர் ஒரு வருடம் வருவார், மறு வருடம் போவார். விளம்பரப் பணத்தை நம்பித் தவணையைக் குறைத்து வைத்தால், அது நின்ற நாளில் திட்டமும் நிற்கும். தவணையிலேயே செலவு கட்டுப்படியாக வேண்டும். விளம்பர வருமானத்தில் ஒரு பங்கை ஓட்டுபவருக்கே கொடுங்கள், அவர் வண்டியைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருப்பார்.

கேள்வி: வண்டியோடு ஊருக்கு ஓடிவிட்டால் என்ன செய்வீர்கள்?

பதில்: எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ரிக்ஷாவை மிதித்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட முடியும்? ஐந்தாறு பேர் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் குழுவாகச் சேர்த்துக் கொடுத்தால் தவணை ஒழுங்காகவே வரும். அது தடைபடுவது பெரும்பாலும் உடம்பு சரியில்லாமல் போகும்போது, அல்லது வண்டியைப் பறிமுதல் செய்யும்போது. அதனால் ஆளைச் சந்தேகப்படுவதில் செலவிடும் நேரத்தை மருத்துவத்திலும் உரிமத்திலும் செலவிடுங்கள். விதைப்புக்கும் அறுவடைக்கும் ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்த மாதங்களில் தவணையை நிறுத்திவைக்க ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கட்டும்.

கேள்வி: சட்டம் படிக்கிறேன். ஓட்டுபவருக்கே வண்டி சொந்தமாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டால் போதாதா?

பதில்: போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பஞ்சாபில் 1970-களில் வந்த சட்டம் அதைத்தான் சொன்னது, ஓட்டுபவர்தான் உரிமையாளராக இருக்க வேண்டும் என்று. நோக்கம் நல்லது. ஆனால் வாங்கப் பணமில்லாதவரிடம் ‘சொந்த வண்டி இருந்தால்தான் உரிமம்’ என்றால் அவருக்குப் பிழைப்பே போய்விடும். ஆசாத் ரிக்ஷா தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 1980-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், ஓட்டுபவர்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கும்படியான ஏற்பாட்டையும் தீர்ப்போடு இணைத்தார். என் பார்வையில் இந்தத் துறையில் இன்றும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது, தவறாமல் படியுங்கள்.

டெல்லியிலும் இதே நிபந்தனைதான், ஆனால் முடிவு வேறு. 1960-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒருவருக்கு ஒரே உரிமம், உரிமையாளரே ஓட்ட வேண்டும். பிறகு மொத்த உரிமங்களுக்கு 99,000 என்று உச்சவரம்பும் வந்தது. தெருவில் ஓடியது அதைவிடப் பல மடங்கு. விளைவு, உரிமம் இல்லாத வண்டிகளைப் பிடித்து நொறுக்கினார்கள். மானுஷி அமைப்பு தொடுத்த வழக்கில் 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உச்சவரம்பையும், உரிமையாளரே ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கியது.

வருடத்தில் நான்கு மாதம் மட்டும் ஓட்ட வருபவருக்குச் சொந்த வண்டி சுமை. அவருக்கு வேண்டியது நியாயமான வாடகை. சொந்தமாக்குவதையே குறியாக வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் இதை மறக்கக் கூடாது.

கேள்வி: பொறியியல் மாணவி நான். வண்டியின் வடிவமைப்பில் என்ன செய்யலாம்?

பதில்: செய்ய நிறைய இருக்கிறது அம்மா. பழைய வண்டி கனமானது, கியர் கிடையாது, மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். 1990-களின் கடைசியில் ஆக்ரா, டெல்லிப் பக்கம் இரும்புக் குழாய்ச் சட்டமும் கியரும் வைத்து எடை குறைந்த வண்டி கொண்டுவந்தார்கள். மகாராஷ்டிராவில் பல்தானில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இதற்காக உழைத்தார்கள். 2008-இல் மத்திய அரசின் துர்காபூர் ஆய்வகம் சூரிய சக்தியில் மின்னேற்றும் ‘சோலெக்ஷா’வை டெல்லியில் அறிமுகம் செய்தது. அது தெருவில் பெரிதாகப் பரவவில்லை.

நீங்கள் எதைச் செய்தாலும் இதை மட்டும் மனதில் வையுங்கள்: தெருமுனை சைக்கிள் கடைக்காரர் அதைப் பழுதுபார்க்க முடிய வேண்டும். உதிரி பாகத்துக்காக மூன்று நாள் வண்டி நின்றால், மூன்று நாள் சாப்பாடு போயிற்று. முதல் மாதிரி வண்டியை ஓட்டுபவர்களிடம் கொடுத்து அவர்கள் திட்டுவதைக் கேளுங்கள். பிரேக், இருக்கையின் உயரம், சுமை வைக்கும் இடம் பற்றி அவர்கள் சொல்வது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது.

கேள்வி: இ-ரிக்ஷா வந்த பிறகு மிதிவண்டி ரிக்ஷாவைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் உண்டா?

பதில்: உண்டு. உடம்பை வருத்தி மிதிக்கும் வேலை குறைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இ-ரிக்ஷாவுக்குச் சட்டப்படி இடமும் கிடைத்துவிட்டது. வேகம் 25 கிலோமீட்டருக்குள், நான்கு பயணிகள். ஆனால் விலை பல மடங்கு. மிதித்தவர் அதை வாங்க முடியாமல், மறுபடியும் இன்னொருவரின் வண்டிக்கு இன்னும் பெரிய வாடகை கட்டுகிறார். வாங்கியவரையும் பேட்டரி பிடித்துக்கொள்கிறது. ஈய-அமில பேட்டரி ஒரு வருடத்தை ஒட்டியே தளர்ந்துவிடும். கடன் முடிவதற்குள் புது பேட்டரிக்குப் பணம் தேட வேண்டும், அங்கே தண்டல்காரர் காத்திருக்கிறார். எனவே இ-ரிக்ஷாக் கடன் என்றால் பேட்டரி மாற்றும் செலவையும் தவணையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதைச் சேர்க்காத திட்டத்தில் யாரையும் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: காப்பீடு?

பதில்: வருடத்துக்கு 20 ரூபாயில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 18 முதல் 70 வயது வரை சேரலாம், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். மே கடைசியில் கணக்கிலிருந்து பணம் தானாக எடுக்கப்படும், அந்த நேரம் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போனால் காப்பீடும் போச்சு. மே மாதம் வந்தால் ஒவ்வொருவரின் கணக்கையும் பார்ப்பது அமைப்பின் வேலை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவையும் சேர்த்தே முடித்துக் கொடுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் ஆளை ஏற்றும் ரிக்ஷாவே அரிதாகிவிட்டதே. இங்கே இதெல்லாம் பொருந்துமா?

பதில்: 1973-இல் கலைஞர் ஆட்சியில் கைரிக்ஷாவை ஒழித்தபோது, இழுத்தவர்களுக்கு அரசே சைக்கிள் ரிக்ஷா கொடுத்தது. தடை மட்டும் போடாமல் மாற்று வண்டியைக் கையில் கொடுத்ததால் அதைப் பெரிய காரியமாக நினைக்கிறேன். இன்று இங்கே பார்க்க வேண்டியது சுமை வண்டிகளை: தண்ணீர் கேன், காய்கறி, பழைய இரும்பு ஏற்றும் மூன்று சக்கர வண்டிகள், மீன்பாடி வண்டிகள். அவற்றிலும் நாள் வாடகை உண்டு. அதே தினத்தவணை முறை அப்படியே பொருந்தும்.

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊரில் சிறியதாகத் தொடங்க நினைக்கிறோம். முதலில் என்ன செய்யலாம்?

பதில்: வண்டி வாங்காதீர்கள். முதலில் ஒரு ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து வாடகை எவ்வளவு, பழுதுக்குச் செலவு யாருடையது, இரவில் வண்டி எங்கே நிற்கிறது, யார் யாரிடம் கடன் என்று கேளுங்கள். அப்புறம் நகராட்சியில் உரிமம் தருகிறார்களா, எத்தனை நாளாகிறது என்று விசாரியுங்கள். அது தெளிவான பிறகு, ஒருவரையொருவர் தெரிந்த ஐந்து பேருக்கு மட்டும் ஐந்து வண்டி. தவணையை நாள் வாடகைக்குச் சமமாகவோ கொஞ்சம் குறைவாகவோ வையுங்கள். வண்டி விலையோடு உரிமக் கட்டணம், காப்பீடு, பழுதுக்கு ஒரு சிறு தொகை, வசூல் செய்பவரின் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை நாள் தவணை என்று பிரித்து, அந்தக் கணக்கை ஐந்து பேருக்கும் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று புரியும்படி கட்டம் போட்ட அட்டை ஒன்று கொடுத்து, தினமும் ஒரு கட்டத்தில் முத்திரை வையுங்கள். பதிவுச் சான்றில் முதல் நாளிலிருந்தே அவருடைய பெயரும் இருக்கட்டும்.