2026 கல்லூரி ஃபுட்பால் சீசன்: கணிப்பு பற்றிய கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எந்த அணி எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது பற்றி மட்டும் கேளுங்கள். பந்தயம் கட்டுவது பற்றிப் பேசமாட்டேன்.

அண்ணா, எங்கள் ஒஹாயோ ஸ்டேட் இந்த வருஷம் 12-0, அதாவது தோல்வியே இல்லாமல், போகுமா? (கொலம்பஸ்)

பன்னிரண்டு ஆட்டத்திலும் அவர்கள் கைதான் ஓங்கியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 12-0 கடினம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 90 சதவீத வாய்ப்பு இருந்தால், 0.9-ஐப் பன்னிரண்டு முறை பெருக்குங்கள்: 28 சதவீதம்தான். 85 என்று வைத்தால் 14. இந்த முறை செப்டம்பர் 12 அன்று ஆஸ்டினுக்குப் போய் டெக்ஸஸை எதிர்கொள்கிறார்கள். அங்கே 85 எல்லாம் கிடையாது, கிட்டத்தட்ட சரிபாதி. மிச்சிகன் ஆட்டம் சொந்த மைதானத்தில் நடப்பது நல்லதுதான். ஆனால் 2024-ல் சுமார் 20 புள்ளி முன்னிலையில் கணிக்கப்பட்டு, அதே சொந்த மைதானத்தில் 13-10 என்று மிச்சிகனிடம் தோற்றதையும் மறக்கவேண்டாம். அந்த வருஷம் சாம்பியன் அவர்கள்தான், ஆனால் 12-0 வரவில்லை.

அந்தச் சதவீதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, சார்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

இதுதான் இன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

முதலில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பல எண். சராசரி அணியைவிட எத்தனை புள்ளி மேலே, எத்தனை கீழே என்பதுதான் அது. அதற்கு மூன்று சரக்கு போதும்: கடந்த சில வருஷ ஆட்டத்தின் தரம், பள்ளியிலிருந்து எடுத்த வீரர்களின் தரம், போன சீசனில் ஆடியவர்களில் எவ்வளவு பேர் திரும்புகிறார்கள் என்பது. ஈஎஸ்பிஎன்னின் பில் கானலி போடும் எஸ்பி-பிளஸ் என்ற அணிப் பலப் பட்டியலும் சீசனுக்கு முன்பு இந்த மூன்றையும்தான் எடுத்துக்கொள்கிறது. திரும்புகிறவர்களை எண்ணும்போது தலை எண்ணாதீர்கள், யார் எவ்வளவு ஆடினார் என்று பாருங்கள். போர்ட்டல் வழியாக, அதாவது வேறு கல்லூரியிலிருந்து மாறி, வருகிறவர் பழைய கல்லூரியில் ஆடியதையும் சேர்க்கவேண்டும். அதை விட்டுவிட்டால் இந்தக் காலத்தில் பாதி அணிகள் காலியாகத் தெரியும்.

அடுத்து, இரு அணிகளின் எண்ணையும் கழியுங்கள். சொந்த மைதானம் என்றால் 2.5 கூட்டுங்கள், வெளியூர் என்றால் 2.5 கழியுங்கள். வரும் வித்தியாசத்தைச் சதவீதமாக்க, கல்லூரி ஆட்டங்களில் கணிப்புக்கும் முடிவுக்கும் இடையிலான விலகல் சுமார் 16 புள்ளி என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் போட்டால் 3 புள்ளி முன்னிலைக்கு 57 சதவீதம், 7-க்கு 67, 14-க்கு 81, 30-க்கு 97.

கடைசியாகப் பன்னிரண்டு சதவீதங்களையும் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

தவறு நடக்கும் இடத்தையும் காட்டிவிடுகிறேன். ஓர் அணிக்கு 97 சதவீதத்தில் மூன்று ஆட்டம், 81-ல் நான்கு, 67-ல் மூன்று, 43-ல் இரண்டு. ஆட்ட அட்டவணையில் பேனாவால் வெற்றி, தோல்வி என்று குறிக்கிறவர் 10-2 என்பார். கூட்டினால் 9.02 வருகிறது. ஒரு முழு ஆட்டம் எங்கே போனது? 67 சதவீதம் உள்ள மூன்று ஆட்டத்தையும் அவர் முழு வெற்றியாகக் கணக்கில் வைத்தார், அங்கேதான். இதே அணி 12-0 போக வாய்ப்பு 2 சதவீதம். பேனாவைக் கீழே வையுங்கள். இதை இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்.

இந்த வருஷம் சாம்பியன் யார்?

ஒரே பெயர் சொன்னால் யார் சொன்னாலும் அது தவறாகப் போகவே வாய்ப்பு அதிகம். முதல் வரிசையில் ஒஹாயோ ஸ்டேட், ஆரிகன், டெக்ஸஸ், இந்தியானா. அதற்குமேல் பிரிக்கமாட்டேன்.

ஏபி தரவரிசையில் (பத்திரிகையாளர்கள் வாக்களிப்பது) ஆகஸ்டில் முதலிடம் வந்தால் அது நல்ல சகுனமா?

இல்லை. 2000-க்குப் பிறகு ஆகஸ்டில் முதலிடத்தில் தொடங்கி, முதலிடத்திலேயே முடித்தவர்கள் இரண்டே அணிகள்: 2004 யுஎஸ்சி (தெற்குக் கலிஃபோர்னியா), 2017 அலபாமா. 2012-ல் அதே யுஎஸ்சி முதலிடத்தில் தொடங்கி 7-6-ல் முடிந்தது. போன வருஷம் டெக்ஸஸ் முதலிடம், பென் ஸ்டேட் இரண்டாமிடம். டெக்ஸஸ் முதல் ஆட்டத்திலேயே ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14-7 தோற்றது, சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளேஆஃபுக்கும் போகவில்லை. பென் ஸ்டேட் அக்டோபரிலேயே கோச்சை வீட்டுக்கு அனுப்பியது. இருபதாவது இடத்தில் இருந்த இந்தியானா 16-0 போய்க் கோப்பையைத் தூக்கியது.

போன வருஷம் 10 ஜெயித்த அணி. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் திரும்புகிறார். இந்த வருஷம் 11 எதிர்பார்க்கலாமா?

அந்தப் பத்தும் எப்படி வந்தன என்று பாருங்கள். அடித்த புள்ளிகளை 2.37 அடுக்குக்கு உயர்த்தி, அதை அடித்தது, விட்டது இரண்டின் அதே அடுக்குக் கூட்டுத்தொகையால் வகுங்கள். 360 அடித்து 280 விட்ட அணிக்கு 0.645 வரும், பன்னிரண்டு ஆட்டத்துக்கு 7.7 வெற்றி. பத்து ஜெயித்திருந்தால் இரண்டுக்குமேல் அதிர்ஷ்டம். கீழே விழுந்த பந்தை யார் பொறுக்குகிறார்கள் என்பது பூவா தலையா போன்றது, அடுத்த வருஷத்துக்குக் கூட வராது.

டிசியு (டெக்ஸஸ் கிறிஸ்டியன்) இதற்குச் சரியான பாடம். 2022-ல் நெருக்கமான ஆட்டங்களாக ஜெயித்து 12-0, இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 65-7, மறு வருஷம் 5-7. எதிர்ப்பக்கமும் தானாகச் சரியாகிவிடாது. நெப்ராஸ்கா 2021-ல் விட்டதைவிட அதிகம் அடித்தும் 3-9. அடுத்த வருஷம் எழுந்துவிடுவார்கள் என்று பலரும் சொன்னார்கள், 4-8தான் வந்தது.

இந்தியானாவால் ஐம்பது சதவீத விதி செத்துப்போனதா?

தெரியாதவர்களுக்கு: கடைசி நான்கு வருஷம் பள்ளியிலிருந்து எடுத்த வீரர்களில் பாதிக்குமேல் நான்கு, ஐந்து நட்சத்திரத் தரம் பெற்றவர்களாக இருக்கும் அணியே சாம்பியனாகும் என்பது அந்த விதி. 2024 வரை நின்றது. இந்தியானா அந்த ஐம்பதுக்கு வெகு தூரத்தில் இருந்தது. என் கருத்து: விதி சாகவில்லை, அளவுகோல் பழசாகிவிட்டது. போர்ட்டலில் வருகிறவர்களை அது எண்ணுவதே இல்லை.

— எண்ணாமல் இருப்பதுதான் சரி. கொலராடோ 2023-ல் அணியையே போர்ட்டலில் கட்டியது, 4-8. ஃப்ளோரிடா ஸ்டேட் 2023-ல் 13-1, மறு வருஷம் போர்ட்டலை நம்பி 2-10. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நல்ல எதிர்வாதம், ஆனால் இரண்டும் வேறு வகைக் கட்டுமானம். இந்தியானாவில் கோச் கர்ட் சிக்னெட்டி 2024 சீசனுக்காக வந்தபோது, ஜேம்ஸ் மேடிசனில் தன்னிடம் ஏற்கெனவே ஆடியவர்களை உடன் அழைத்துவந்தார். திட்டம் அவர்களுக்குப் பழக்கம், கோச்சுக்கு அவர்களின் ஆட்டம் தெரியும். போன வருஷ குவாட்டர்பேக் மெண்டோசா கலிஃபோர்னியாவில் தொடக்க குவாட்டர்பேக்காக ஆடிவிட்டு வந்தவர். கல்லூரி ஆட்டம் ஆடி நிரூபித்தவரை எடுப்பதும், வேறு இடத்தில் பெஞ்சில் இருந்த பழைய ஐந்து நட்சத்திரக்காரரை எடுப்பதும் ஒன்றல்ல. கொலராடோவில் குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையான அஃபென்ஸிவ் லைன் ஒட்டவே இல்லை. ஐந்து பேர் ஒன்றாக அசைய வேண்டிய இடம் அது, சில மாதத்தில் ஒட்டாது.

— அப்படியானால் டெக்ஸஸ் டெக்? அவர்களும் நிரூபித்தவர்களைத்தானே வாங்கினார்கள்? ப்ளேஆஃபில் ஆரிகனிடம் 23-0.

பிக் 12 லீக் பட்டம் வாங்கினார்களே, அதைக் கணக்கில் சேர்க்கமாட்டீர்களா? ஒற்றை ஆட்டத்தை வைத்துக் கட்டுமானத்தை எடைபோடாதீர்கள்.

— நீங்களும் இந்தியானாவின் ஒற்றை சீசனை வைத்துத்தானே பேசுகிறீர்கள்?

இரண்டு சீசன். 2024-ல் 11-2. அதில் ஒஹாயோ ஸ்டேட்டிடமும் நோட்டர் டேமிடமும் அடிபட்டார்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். போன வருஷம் ப்ளேஆஃப் காலிறுதியான ரோஸ் பௌலில் அலபாமாவை 38-3, அரையிறுதியில் ஆரிகனை 56-22. நெருக்கத்தில் தப்பிப் பிழைத்த அணிக்கு இந்த எண்கள் வராது. ஆனாலும் 2026-க்கு அவர்களைப் பழைய உயரத்திலேயே வைக்கமாட்டேன். மெண்டோசா போய்விட்டார், டிசியுவிலிருந்து ஜாஷ் ஹூவர் வந்திருக்கிறார். வயதில் மூத்த அணி ஒரே நேரத்தில் காலியாகும். பள்ளி வீரர்களை அடுக்கி வைத்திருக்கும் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு அந்தப் பள்ளம் ஆழமாக இருக்காது. ஐம்பது சதவீத விதியில் இன்றைக்கும் மிச்சமிருக்கும் உண்மை அதுதான்.

இந்த வாதத்தை இத்தோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

டெக்ஸஸ் சாம்பியனா?

மேலே படியுங்கள்.

குவாட்டர்பேக் ஆர்ச் மேனிங் திரும்பியிருக்கிறார், இந்த வருஷமாவது டெக்ஸஸ் 12-0?

முதல் பதிலில் இருக்கிறது. பேனாவைக் கீழே வையுங்கள். இரண்டாவது வருஷத் தொடக்க வீரர் என்பதால் பல எண் ஏறும், ஏறியதில் பாதியை ஆட்ட அட்டவணை தின்னும். டெக்ஸஸ் ஆடும் எஸ்இசி லீகில் இந்த வருஷம் எட்டுக்குப் பதில் ஒன்பது லீக் ஆட்டம். பதினாறு அணிக்கும் ஒரு லீக் ஆட்டம் கூடினால் எட்டு ஆட்டம், அதாவது எட்டுத் தோல்வி லீகுக்குள்ளேயே கூடும். முன்பு பல அணிகள் அந்த இடத்தில் எளிதாக ஜெயித்துக்கொண்டிருந்தன.

அப்படியானால் 10-2 ப்ளேஆஃபுக்குப் போதுமா?

போதும் என்று நிச்சயமாகச் சொல்லமுடியாது. 2025-ல் மயாமி, நோட்டர் டேம் இரண்டும் 10-2. மயாமி உள்ளே, நோட்டர் டேம் வெளியே, முதல் ஆட்டத்தில் மயாமி அவர்களை 27-24 ஜெயித்திருந்தது. உள்ளே போன மயாமி இறுதி ஆட்டம் வரை போய் இந்தியானாவிடம் 27-21 தோற்றது. 11-1 இருந்தால் மட்டும் நிம்மதியாகத் தூங்கலாம்.

கோச் மாறிய அணிகளை எப்படிக் கணிப்பது? எல்எஸ்யுவுக்கு (லூசியானா ஸ்டேட்) லேன் கிஃபின், பென் ஸ்டேட்டுக்கு மேட் கேம்ப்பெல், மிச்சிகனுக்கு விட்டிங்ஹம்.

குவாட்டர்பேக்கும் கோச்சும் சேர்ந்தே வருகிறார்களா என்று முதலில் பாருங்கள். அயோவா ஸ்டேட்டிலிருந்து கேம்ப்பெல்லோடு ராக்கோ பெக்ட்டும் வந்திருக்கிறார், அதனால் பென் ஸ்டேட்டின் அஃபென்ஸுக்குத் தொடக்கத் தடுமாற்றம் குறையும். எல்எஸ்யுவில் திறமை அதிகம், பழக்கம் குறைவு. செப்டம்பரில் அவர்கள் சதவீதங்களைக் கொஞ்சம் குறைத்தும் நவம்பரில் கூட்டியும் போடுவேன். விட்டிங்ஹம் யூட்டாவில் இருபது வருஷம் டிஃபென்ஸைக் கட்டிக்காத்தவர், மிச்சிகன் விடும் புள்ளிகள் முதலில் குறையும்.

என்எஃப்எல் டிராஃப்டில் யார் முதலில் போவார்கள்?

என் துறை இல்லை. டிராஃப்ட் பார்க்கிறவர்களைக் கேளுங்கள்.

சாம்பியன் யார் என்று ஒரு பெயராவது...

நான்கு பெயர் சொல்லியாகிவிட்டது.

புதிய பேக்-12 லீக் எப்படி இருக்கும்?

ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்டோடு பாய்ஸி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்ஸஸ் ஸ்டேட் சேர்கின்றன. இவற்றுக்குப் போன வருஷ லீக் கணக்கை அப்படியே பயன்படுத்தாதீர்கள், எதிராளிகளே மாறிவிட்டார்கள். பல எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு புது அட்டவணைக்கு முதலிலிருந்து கூட்டுங்கள். பாய்ஸி ஸ்டேட்டைத்தான் மேலே வைப்பேன்.